அமாவாசைக் கடலும் ஒரு ஃபோர்வீல் வண்டியும்

முன்சக்கரங்கள் இரண்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. வண்டி மட்டும் அசையவில்லை. மதியம் மணி ஒன்றேகால். மோரிப்பைத் தாண்டி, மீனவர்கள் படகு இறக்கும் ஒரு சரிவு வழியாக இறங்கி, ஈர மணலில் இருநூறு மீட்டர் போயிருப்போம். என் கணவர் எண்ணெயை அழுத்த அழுத்த, மணல் தெறித்துப் பறந்தது. பின் இருக்கையில் ஏழு வயது மகள் கைகொட்டிச் சிரித்தாள். முன் இருக்கையில் அப்பா. மடியில் எள் பொட்டலமும் பித்தளைச் செம்பும்.

அன்று ஆடி அமாவாசை. அம்மா தவறி இரண்டாவது வருடம். அம்மாவின் அஸ்தியை அந்தக் கடலில்தான் கரைத்தோம். அதனால் எள்ளும் தண்ணீரும் இறைக்க அங்கேதான் போக வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். இதையெல்லாம் காலையிலேயே முடித்துவிட வேண்டும். எனக்கோ வானொலியில் காலை நிகழ்ச்சி. பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து கணவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கிள்ளானில் அப்பாவை ஏற்றி, மோரிப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது.

பார்த்தால், கடலைக் காணோம். எங்கேயோ தூரத்தில் ஒரு கோடு மட்டும் மின்னியது. நடுவில் அத்தனையும் ஈர மணல். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவை. அவ்வளவு தூரம் நடக்க முடியாது. "எஸ்யூவிதானே மாமா, கிட்டயே கொண்டுபோய் நிறுத்துறேன்" என்றார் கணவர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்துக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருடம் துரையின் லேண்ட்ரோவரும் லாரியும் ஓட்டியவர் அவர். வண்டி இறங்கிய முதல் நிமிடத்திலேயே இது ஆகாது என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை ஓட்டும்போது மாமனார் வாய் திறப்பது மரியாதை இல்லை என்று சும்மா இருந்திருக்கிறார்.

தூரத்தில் இருந்த கோடு மெல்லக் கிட்டே வர ஆரம்பித்தது. ஒன்றே முக்காலுக்கு மகள் சிரிப்பதை நிறுத்தினாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு நடப்பதா, வண்டியை விட்டுவிடுவதா என்று நாங்கள் பேச ஆரம்பித்தபோதுதான், பழைய பிக்கப் ஒன்றில் ஒரு மலாய்க்கார மீனவர் வந்தார். எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "அங்கின் புவாங் டுலு" என்றார். முதலில் காற்றை இறக்கு. அப்போதுதான் அப்பா வாய் திறந்தார்: "அதத்தான் நானும் நெனச்சேன்."

நான்கு டயரிலும் பாதிக்கு மேல் காற்றை இறக்கி, முன்சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலைத் தோண்டி, இரண்டு படகுப் பலகைகளைச் செருகி, கயிறு கட்டி இழுத்ததில் வண்டி வெளியே வந்தது. கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. எள் தண்ணீரை, தேடி வந்த கடலிலேயே இறைத்தோம். அப்பா காரில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். வீடு திரும்பும் வழியில் கணவர் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்கு ஒரு ஃபோர்வீல் வாங்கணும்."

அப்படித் தொடங்கியது எங்கள் வண்டி தேடல். ஏறக்குறைய எட்டு மாதம் பிடித்தது. தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஷோரூமில் இதில் பாதியைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

முதல் பாடம் எங்கள் வண்டியைப் பற்றியதுதான். உயரமாக இருக்கிறது, பெயர் எஸ்யூவி, விளம்பரத்தில் மலை ஏறுகிறது. ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இரண்டு சக்கரத்தில் மட்டும் ஓடுபவை. பெரோடுவா அத்திவாவுக்கு முன்சக்கர ஓட்டம், அருஸுக்குப் பின்சக்கர ஓட்டம். நல்ல குடும்ப வண்டிகள், சந்தேகமில்லை. மணலுக்கு மைவியும் அவையும் ஒன்றுதான். பிக்கப் என்றாலே ஃபோர்வீல் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு, ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் இரண்டு சக்கர ரகமும் வந்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய கியரோ திருகும் பொத்தானோ இருக்கிறதா, அதில் '2எச், 4எச், 4எல்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

2எச் என்பது தார் ரோட்டுக்கு. 4எச்சில் முன், பின் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மணலில் பெரும்பாலும் இதுவே போதும். 4எல் என்றால் வேகம் குறைந்து இழுவை பல மடங்கு கூடும். புதைந்த வண்டியை மெல்ல நகர்த்தவும், செங்குத்தான சரிவில் ஏறவும் அது வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். பூட்டிய அச்சு அதற்கு விடாது. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க முடியாமல் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும். மிட்சுபிஷி டிரைட்டனின் உயர்ந்த ரகங்களில் வரும் சூப்பர் செலக்ட் மாதிரி, நடுவில் தனி டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. மழை பெய்யும் காராக் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு அது நிஜமாகவே பயன்படும்.

இனி டயர். அலுவலகத்தில் ஒரு நண்பர், பெரிய கட்டைகட்டையான மட் டயர் போடு என்றார். கிள்ளானில் அப்பாவுக்குப் பழக்கமான டயர் கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது செம்பனைத் தோட்டச் சேத்துக்குமா. மணல்ல அது மண்வெட்டி மாதிரி, தோண்டிக்கிட்டே கீழ போயிரும்." மணலில் வண்டி மிதக்க வேண்டும், தோண்டக் கூடாது. சாதாரண ரோட்டு டயரோ, ஆல்-டெரெய்ன் எனப்படும் நடுத்தர டயரோ போதும். முக்கியம், ரப்பர்ப் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். இப்போதைய உயர்ந்த ரகப் பிக்கப்களில் அழகுக்காக 18 அங்குல ரிம், அதற்கு மேலும்கூட வருகிறது. ரிம் பெரிதானால் ரப்பர் குறையும். காற்றை இறக்கினால் டயர் தட்டையாகிப் படர இடம் இருக்காது. ஒரே பிக்கப்பில், விலை குறைந்த ரகத்தின் 16, 17 அங்குல ரிம் கடற்கரைக்கு மேல் என்பது விற்பனையாளர் சொல்ல விரும்பாத உண்மை.

காற்று விஷயம்தான் எல்லாவற்றுக்கும் தலை. ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை மணலில் 18 வரை இறக்கலாம். வண்டியின் கனம் மாறவில்லை, ஆனால் அதைத் தாங்கும் டயரின் தடம் ஏறக்குறைய இரண்டு மடங்காக நீளும். நாம் வெறுங்காலில் நடந்தால் அமுங்காத மணலில் குதிகால் செருப்பு புதைவது போலத்தான். காற்றை இறக்கிய டூ-வீல் கார், இறக்காத ஃபோர்வீலை விட மணலில் நன்றாகப் போவதை நானே கண்ணால் பார்த்தேன். அதனால் வண்டிக்கு முன்பே வாங்க வேண்டியவை காற்று அளக்கும் கருவியும், பேட்டரியில் ஓடும் சிறிய கம்பிரசரும். திரும்பி ரோட்டுக்கு ஏறும்போது காற்றை நிரப்பாமல் நெடுஞ்சாலையில் 110-இல் போனால் டயர் சூடாகி வெடிக்கும். காற்று குறைந்த டயரோடு சடாரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

இத்தனையும் கற்ற பிறகும் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: "அது மணல்னு உனக்கு யாரு சொன்னா?"

மோரிப் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் எத்தனையோ பேர் அதன் முன் நின்று படம் எடுத்திருப்போம், படித்திருக்க மாட்டோம். 1945 செப்டம்பர் 9. ஜப்பான் சரணடைந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே திட்டமிட்டபடி 'ஆபரேஷன் ஸிப்பர்' என்ற பெயரில் பிரிட்டிஷ் தரப்புப் படை இந்தக் கரையில் இறங்கியது. இறங்கியவர்களில் பெரும்பகுதி 25-வது இந்திய டிவிஷனின் வீரர்கள். கரை உறுதியானது என்று நம்பி லாரிகளையும் ஜீப்புகளையும் இறக்கினார்கள். மேலே மெல்லிய மணல், கீழே சேறு. வண்டிகள் வரிசையாகப் புதைந்தன, அலை ஏறியதும் பல மூழ்கின. எதிரே ஜப்பானியர் துப்பாக்கியோடு நின்றிருந்தால் பெரும் நாசம் ஆகியிருக்கும் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பேரரசின் ராணுவமே சறுக்கிய இடத்தில்தான் நாங்கள் குடும்ப வண்டியை இறக்கினோம்.

மலாக்கா நீரிணையை ஒட்டிய நம் மேற்குக் கரை பெரும்பாலும் அப்படித்தான். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கண்டல் காடு, சேற்றுப் படுகை. ஜெராம், கேரித்தீவு, பாகான் லாலாங் எங்கே போனாலும் அலை வடிந்ததும் தெரியும் தரையை நம்பக் கூடாது. எந்த ஃபோர்வீலும் முழங்கால் ஆழச் சேற்றில் மிதக்காது. சாம்பல் நிறமாக, பளபளவென்று, நண்டு வளைகளாக இருந்தால் இறங்காதீர்கள். முதலில் நடந்து பாருங்கள். கால் கணுக்கால் வரை போனால் வண்டிக்கு வேலை இல்லை. நல்ல மணல் வேண்டுமானால் கிழக்குக் கரை, பகாங்கும் திரங்கானுவும். ஆனால் அங்கே ஆமைகள் முட்டையிடும். மேட்டு மணலில் ஏறும் சக்கரம், கண்ணுக்குத் தெரியாத கூட்டை நசுக்கிவிடும். அலை ஏறும் கோட்டுக்கு மேலே வண்டி ஏற்றுவதும், இரவில் கடற்கரையில் ஓட்டுவதும் கூடவே கூடாது. பல கடற்கரைகளில் வண்டி இறக்கவே ஊராட்சி மன்றங்கள் அனுமதிப்பதில்லை. போர்டு இல்லையென்றால் அனுமதி என்று அர்த்தமில்லை, கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தமிழ்நாட்டில் இதைத் தொழிலாகவே செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் ராமேஸ்வரம் போயிருந்தேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்போது ரோடு கிடையாது. மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் ஓடும். அந்த ஓட்டுநர் பிரேக்கையே தொடவில்லை. ஒரே சீரான வேகம், அகலமான வளைவு, முன்னால் போன வண்டியின் தடத்திலேயே சக்கரம். நிறுத்தினால் சரிவில், முகம் கீழ்நோக்கி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு அந்த வேன்களுக்கு வேலை இல்லாமல் போனது. எனக்கு அன்று தலையெல்லாம் மணல், இடுப்பெல்லாம் வலி. பாடம் என்று தோன்றவில்லை.

சரி, எந்த வண்டி? கணவரின் மனம் சுஸுகி ஜிம்னியில் இருந்தது. நியாயமான ஆசை. ஒரு டன்னுக்குச் சற்றே மேல்தான் எடை, அதனால் மணலில் லேசாக மிதக்கும். 4எல் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் பார்க்கிங் தேடுகிறவர்களுக்கு அதன் நீளம் வரப்பிரசாதம். ஆனால் மூன்று கதவு ஜிம்னியின் பின் இருக்கைக்கு, முன் இருக்கையை மடித்துக் குனிந்து ஏற வேண்டும். அப்பா முன்னால் உட்கார்ந்தால் நானும் மகளும் பின்னால் மடங்க வேண்டும்; சாமான் வைக்க இடமே இல்லை. தனியாக இருக்கும் இளைஞர்களுக்கும் புதுமணத் தம்பதிக்கும் தாராளமாகச் சொல்வேன். எங்களுக்கு ஆகவில்லை.

சிக்கனம் பார்ப்பவர்களுக்கு நம் நாட்டுப் பழைய நண்பன் ஒன்று உண்டு. 1998-இல் வந்த பெரோடுவா கெம்பாரா. நான்கு சக்கரமும் எப்போதும் ஓடும், எடை குறைவு. 4எல் கிடையாது. இன்று கிடைப்பவை எல்லாம் வயதானவை. மலிவாக வாங்கி, அடிப்பாகத் துருவைச் சரிசெய்யவே அந்த விலையைக் கொடுக்க நேரலாம். வண்டி வேலை தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மட்டும்.

மிச்சம் பிக்கப்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா. மணலில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். தேர்வு செய்ய வேண்டியது வேறு காரணங்களால். எங்கள் ஃபிளாட்டின் பார்க்கிங் சுழல்பாதையில் 5.3 மீட்டர் நீள வண்டி ஒரே திருப்பில் திரும்பாது. வாங்கும் முன் ஒரு முறை இரவல் வண்டியில் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டோம். அடுத்து டீசல். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசானது நினைவிருக்கும். தகுதி உள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 வெள்ளி புடி மடானி உதவி வந்தது என்றாலும், தினமும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் அலைபவர்கள் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட வேண்டாம் என்றே முடிவெடுத்துவிட்டேன். வருடத்துக்கு ஒரு நாள் கடற்கரைக்குப் போக ஒரு பிக்கப்பா? அன்று நம்மை இழுத்துவிட்ட மீனவர் போன்ற ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதாதா? வாசகர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு இன்றும் என் பதில் இதுதான்.

என்னை மாற்றியது 2021 டிசம்பர். அந்தச் சனி, ஞாயிறு இரவுகளில் நிலையத்தில் நான் இருந்தேன். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. மாடியில் கைக்குழந்தை, கூரையில் பாட்டி. படகு வைத்திருந்தவர்களும் உயரமான ஃபோர்வீல் வைத்திருந்தவர்களும் யார் என்றே தெரியாதவர்களைத் தேடிப் போனார்கள். "நான் பிக்கப்ல வெளிய நிக்கிறேன், எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஒருவர் நேரலையில் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவின் வீடும் கிள்ளானில் தாழ்வான இடத்தில்தான். ரேஞ்சர் 800 மில்லிமீட்டர், ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணீர் வரை தாங்கும் என்கிறது தயாரிப்பாளர் கணக்கு. அது நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தாலே வண்டியைத் தள்ளிவிடும். ஜிம்னிக்கு அந்த அளவு 300 தான். எங்கள் பட்டியலிலிருந்து அது கடைசியாக அழிந்தது அப்போதுதான்.

பழைய வண்டிதான் எங்கள் பணத்துக்குச் சரி. பார்த்த முதல் மூன்றையும் அப்பா தள்ளிவிட்டார். முழங்கால் வலியோடு ஒரு பலகையைப் போட்டுப் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றில் சட்டத்துக்குள் விரலை விட்டு எடுத்தார், விரல் நுனியில் மணல். "கடலுக்குப் போயிருக்கு, கழுவல." உப்புத்தண்ணீர் பிரேக் குழாயையும் நட்டுகளையும் உள்ளிருந்து தின்னும். இன்னொன்றில் 4எல் போடச் சொன்னார். பேனல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, விழவில்லை. வருடக்கணக்கில் போடாமல் விட்டால் அது இறுகிப்போகும். சரளைக் கல் போட்ட இடத்தில் 4எச், 4எல் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்றாவது வண்டி இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்டது, பெரிய டயர், ஜேபிஜே அனுமதிக் கடிதம் இல்லை. பெயர் மாற்றப் புஸ்பாகோம் போகும்போது சிக்கும்.

நான்காவது, ஒன்பது வருடப் பழசு, 17 அங்குல ரிம், ஏற வசதியாகப் பக்கவாட்டுப் படி. அதை வாங்கினோம். அதோடு ஒரு மண்வெட்டி, இரண்டு பிளாஸ்டிக் மணல் பலகை, இழுவைப் பட்டை, கம்பிரசர். பட்டையைச் சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு குண்டு போலப் பறக்கும். வெளிநாடுகளில் ஆள் இறந்திருக்கிறார்கள். காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்தோம். சாதாரண முழுக் காப்புறுதியில் அது வராது.

வாங்காமலே கிடைத்த ஒன்றுதான் எல்லாவற்றையும் விட உதவியது. அலை அட்டவணை. புலாவ் இண்டாவில் இருக்கும் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் வருடா வருடம் வெளியிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். கிள்ளான் துறைமுகப் பக்கம் இந்த வித்தியாசம் நான்கு மீட்டருக்கு மேல் போகும். வற்றிய பிறகு முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் மெல்லத்தான் ஏறும்; மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். தட்டையான கரையில் அது ஆள் நடக்கும் வேகத்தில் வரும். நாங்கள் இறங்கியது வருடத்தின் பெரிய வற்றங்களில் ஒன்றில், திரும்பும் நேரம் பார்த்து. தாத்தா பாட்டிகள் விடியலில் போனதற்குப் புண்ணியம் மட்டும் காரணம் இல்லை போலும். அமாவாசை விடியலில் அங்கே கடல் தானே கரைக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆடி அமாவாசைக்கு நான் விடுப்பு எடுத்தேன். ஏழு மணிக்கு மோரிப்பில் இருந்தோம். தண்ணீர் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வண்டியை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு, அப்பா என் தோளைப் பிடித்து இருபது அடி நடந்து, தன் கையாலேயே எள் தண்ணீரை இறைத்தார். அம்மா பெயரை இரண்டு முறை சொன்னார். பிறகு பந்திங்கில் தோசை சாப்பிட்டுப் பசியாறினோம்.

"அப்ப இந்த வண்டிய எதுக்குமா வாங்குனீங்க?" என்றார் அப்பா, பில் வந்தபோது.

கணவர் பதில் சொல்லவில்லை. அந்த மீனவரைப் பார்த்து ஒரு பழக்கூடை கொடுக்க வேண்டும் என்று திரும்ப மோரிப்புக்கு ஓட்டினார். அவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. எந்தப் பக்கம் தரை கெட்டி என்று கையை நீட்டிக் காட்டினார். கணவர் வண்டியை விட்டு இறங்கி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அளவு கருவியை டயரில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"மாமா, எவ்வளவு வைக்கட்டும்?"

"பதினெட்டு போதும் மாப்ள. மொதல்ல அந்தாண்ட டயரப் பாருங்க" என்றார் அப்பா, கதவைத் திறந்துகொண்டே.